கக்கூஸ் முறை

எங்கள் தெருவில் காசநோய் இருக்கிறது என்று முதலில் சொன்னது சாக்கடை. டாக்டர் சொல்லவில்லை, நோய் வந்தவரும் சொல்லவில்லை. சாக்கடை சொன்னது. அதைக் கேட்டுத்தான் நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் கடித்துக் குதற ஆரம்பித்தோம்.

எனக்கு மெஷினைக் கண்டாலே ஆகாது. ஆயுசு முழுக்க லாரி ஓட்டினவன் நான். லாரி தன்னாலே ஓட ஆரம்பித்ததும் முதலாளி என்னை இறக்கிவிட்டான். "அண்ணாச்சி, வண்டிக்கு இனிமே உங்க கண்ணு வேண்டாம், அதுக்கே கண்ணு வந்தாச்சு" என்றான். படிப்பு எனக்குக் கிடையாது. ஊர்ப்பலகையைப் பார்த்துப் பார்த்து எழுத்துக் கூட்டக் கற்றவன். ஆனாலும் ஒன்று தெரியும். உன் நல்லதுக்கு என்று சொல்லிக்கொண்டு வருகிறவன் முதலில் உன் வீட்டுக்குள்தான் எட்டிப் பார்ப்பான்.

இவர்கள் கக்கூசுக்குள்ளேயே எட்டிப் பார்த்தார்கள்.

பெட்டியை வைக்க வந்த அன்று கல்மடத்து முன்னால் கூட்டம் போட்டார்கள். ரெஜினா என்று ஒரு சின்னப் பெண்தான் சுகாதார ஆபீசர். நல்ல வெயிலில் நின்று பொறுமையாகச் சொன்னாள்.

"உங்க தெருவுல எல்லா வீட்டுக் கக்கூஸ் தண்ணியும் தெருக்கோடியில ஒரே குழாயில சேருது. அங்க இந்தப் பெட்டிய வைக்கோம். என்ன கிருமி வருதுன்னு அது தினமும் பார்க்கும். மேல கம்பத்துல விளக்கு. பச்சை எரிஞ்சா தெரு சுத்தம். சிவப்பு எரிஞ்சா கிருமி இருக்கு. ஆளு படுக்கையில விழறதுக்கு முன்னாலயே நமக்குத் தெரிஞ்சிரும்."

பலசரக்குக் கடை வைகுண்டம்தான் தெருவுக்குப் பெரியவன் மாதிரி. வயசு என்னைவிடக் குறைவு, வாய் அதிகம். "யாருக்குன்னு பேரைச் சொல்லுமா மேடம்?" என்று கேட்டான்.

"சொல்லாது சார். ஒருத்தர் நோயை இன்னொருத்தருக்குச் சொல்லுறது குத்தம். அதுக்குச் சட்டம் இருக்கு. உங்க மானத்தைக் காப்பாத்தத்தான்."

நான் எழுந்தேன். "ஏம்மா, வீட்டுக்குள்ள பாம்பு இருக்கு, ஆனா எந்த ரூமுன்னு சொல்ல மாட்டேன்னு சொன்னா, அது என்ன ஒத்தாசை?"

கூட்டம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. "சிவப்பு எரிஞ்சா செவ்வாய்க்கிழமை தோறும் எங்க வண்டி வரும் தாத்தா. எல்லாரும் வந்து சளி குடுத்தா யாருன்னு அவங்கவங்களுக்குத் தெரிஞ்சிரும். மருந்தும் வண்டியிலதான், வாரத்துக்கு ஒரு வேளை. வெளிக் கடையில இப்ப இந்த மருந்தை விக்கக் கூடாது. அரைகுறையாத் தின்னு தின்னு கிருமிக்கு மருந்து பழகிப் போச்சு. நாங்களே கையில குடுத்து, முழுங்கறதைப் பார்ப்போம். பச்சைத் தெருவுக்கு வண்டி வராது. இருக்கறது ஒரே வண்டி."

அந்தப் பெட்டிக்கு மோப்பன் என்று பெயர் வைத்தோம். தெருவுக்கு ஒரு மோப்பன் வந்தது. அக்கம்பக்கத்து ஊர்களிலும் வந்தது. மழைக்கு முன்னால் எங்கள் கம்பத்தில் சிவப்பு எரிந்தது.

செவ்வாய்க்கிழமை வண்டி வந்து வேப்பமரத்தடியில் நின்றது. ஒரு காக்கா போய் அதன் கூரையில் உட்கார்ந்தது. மனுசன் ஒருத்தனும் போகவில்லை.

ஏன் போகவில்லை? பக்கத்துத் தெருவில் எங்களுக்கு முன்னாலேயே சிவப்பு எரிந்தபோது ஒரு தையற்காரன் யோக்கியனாக முதல் ஆளாகப் போனான். அவனுக்கு ஒன்றும் இல்லை என்று வண்டியில் சொன்னார்கள். அதை எவன் நம்பினான்? சந்தேகம் இல்லாமலா முதலில் ஓடினான் என்று பேசி, அவன் தைத்த சட்டையைப் போடாமல் விட்டார்கள். இப்போது அவன் கோவில்பட்டியில் எங்கேயோ கூலிக்குத் தைக்கிறான். அதனால் எங்கள் தெருவில் எல்லாரும் சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்கள். முதல் அடி வைக்கத்தான் ஆள் இல்லை.

பிறகு வயிற்றில் அடி விழுந்தது. எங்கள் தெருப் பெண்கள் முக்கால்வாசிப் பேர் பீடி சுற்றுகிறவர்கள். புகையிலையை ஒழித்தாயிற்று, இப்போது மூலிகைப் பீடி என்று பெயர் மாற்றி வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். தூசி மட்டும் பழைய தூசிதான். இலையும் தூளும் கொண்டுவருகிற ஏஜெண்டு கம்பத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பினான்.

"செவப்புத் தெருவுல சுத்துன பீடிய எவம்மா வாயில வைப்பான்? பச்சை எரியட்டும், வாரேன்."

அன்று சாயங்காலம் வைகுண்டம் கடை முன்னால் நின்று ஒரு யோசனை சொன்னான். நாசமாய்ப் போன யோசனை. ஆனால் கேட்கிறபோது யாருக்கும் தப்பாகத் தெரியவில்லை, ஏனென்றால் அது எங்களுக்குப் பழக்கமான யோசனை.

எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீருக்கு முறை உண்டு. இன்றைக்கு இந்த வீடு முதல், நாளைக்கு அடுத்த வீடு. கோயில் கொடைக்குச் சோறு பொங்குவதற்கும் முறை, தெருக் கூட்டுவதற்கும் முறை. முறை என்றால் எங்கள் ஆள்கள் சண்டை போடாமல் தலையாட்டுவார்கள்.

"கக்கூசுக்கும் முறை வைப்போம்" என்றான் வைகுண்டம். "வீட்டுக்கு மூணு நாள். முறைக்காரன் வீட்டுக் கக்கூசை என் கடைப் பூட்டைப் போட்டுப் பூட்டுவோம். சாவி என்கிட்ட. அந்த மூணு நாளும் அந்த வீட்டு ஆளுக குளத்துக்கரைக்குப் போகட்டும். யாரு வீட்டைப் பூட்டும்போது பச்சை எரியுதோ, அந்த வீட்டுலதான் நோய். மேடமும் வேண்டாம், வண்டியும் வேண்டாம்."

"கண்டுபிடிச்சு என்னவே செய்யப்போறீரு?" என்று கேட்டேன்.

"அந்த வீட்டு ஆளுகளைக் கொஞ்ச நாளு வெளியூருல இருக்கச் சொல்லுவோம். தெரு பொழைக்கணும்லா அண்ணாச்சி?"

"உம்ம வீடா இருந்தா?"

"என் வீட்டையே முதல்ல பூட்டுதேன்" என்று நெஞ்சைத் தட்டினான். கை தட்டினார்கள். வரிசையைச் சொல்லும்போது சண்முகக்கனி வீட்டைக் கடைசியில் போட்டான். ஏன் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. எல்லாரும் அவள்தான் என்று முடிவு செய்துவிட்டார்கள். கடைசியாக வருவதுதானே ருசி.

கனி எனக்குப் பக்கத்து வீடு. புருசன் பம்பாய்க்குப் போய் அங்கேயே வேறு குடும்பம் ஆகிவிட்டான். தனியாகப் பீடி சுற்றி ஒரு மகளைப் படிக்க வைக்கிறாள். அவளுக்கு வாய் நீளம், எனக்கும் நீளம். அவள் வீட்டு முருங்கை முறிந்து எங்கள் கூரை ஓடுகளை உடைத்த நாளிலிருந்து பேச்சு இல்லை. அவள் இருமுவாள். பீடித் தெருவில் இருமாதவள் யார்? ஆனால் கேட்க ஆள் இல்லாதவள் இருமினால் சத்தம் அதிகமாகக் கேட்கும்.

என் வீட்டுக்குள்ளும் இருமல் இருந்தது. அதைச் சொல்ல வேண்டும்.

என் பெஞ்சாதி ஆவுடை. அவளுடைய ரவிக்கை தொளதொளவென்று ஆகியிருந்தது. விடியுமுன் தலையணை நனைந்து கிடக்கும். வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு இருமுவாள். பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, சுற்றுவதற்கு இலை இல்லாமல் சும்மா உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானம் கேட்டேன்.

"வண்டிக்குப் போவமா?"

"எந்த வண்டிக்கு?"

"தெரியாத மாதிரி கேக்காதட்டீ."

"எனக்கு ஒண்ணுமில்ல. தூசி."

"தூசிக்கு ரத்தம் வருமா? முந்தானைய நீ தனியாத் துவைக்கிறது எனக்குத் தெரியாதா?"

அவள் தட்டை இறக்கி வைத்தாள். "இங்க பாருங்க. சின்னவளை இப்பத்தான் கட்டிக்குடுத்திருக்கோம். அம்மைக்குக் காசம்னு தெரிஞ்சா அவ மாமியா வாசல்ல நிக்க விடுவாளா? தையக்காரன் கதிய பாத்தியள்ல? ஒண்ணுமில்லாதவனுக்கே அந்தக் கதி. நான் செத்தா உங்களுக்கு ஒரு சாவு. தெரிஞ்சா எல்லாருக்கும் சாவு."

"பேசுதா பாரு பேச்சு. வாழ்ந்து கிழிச்சவ."

"நம்ம முறையில பச்சை எரிஞ்சா அப்ப பாத்துக்கிடுவோம்" என்றாள்.

எங்கள் முறை வந்தது. வைகுண்டம் பூட்டைப் போட்டான். மூன்று நாளும் கம்பத்தைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கழுத்து நோவு எடுத்தது. சிவப்பு அசையவில்லை. பூட்டைத் திறந்தபோது வைகுண்டம் என் தோளைத் தட்டி, "அண்ணாச்சி வீடு தங்கம்லா" என்றான்.

ஆவுடை சாமி படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டாள். நான் கட்டிலில் உட்கார்ந்து யோசித்தேன். லாரியில் ஒரு சக்கரம் பஞ்சர் என்றால் அதை மாற்றினால் ஓடும். மாற்றியும் ஓடவில்லை என்றால் என்ன அர்த்தம்? இன்னொன்றும் பஞ்சர்.

"ஏட்டீ, உனக்கு இல்லைன்னு ஆகிடாது. உனக்கும் இருக்கு, வேற எவனுக்கோவும் இருக்கு. அதான் உன்னைப் பூட்டுனாலும் சிவப்பு எரியுது."

"ஒருத்தருக்குத்தான்னு ஊரே சொல்லுது."

"மோப்பன் சொல்லுச்சா? இருக்குன்னுதான் அது சொல்லுச்சு. ஒருத்தருன்னு நாமளா சேத்துக்கிட்டோம்."

அவள் இருமினாள்.

எல்லா வீட்டு முறையும் முடிந்தது. சிவப்பு சிவப்பாகவே எரிந்தது. கடைசியில் கனி வீட்டைப் பூட்டினார்கள். பூட்டுப் போடுகிறபோதே பெண்கள் கூடிவிட்டார்கள். கனி நடையில் நின்று, "பாத்துப் பூட்டுங்க. உள்ள தங்கக் கட்டி கெடக்கு" என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

அன்றைக்கு ரெஜினாவும் வந்திருந்தாள். யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு வைகுண்டத்தைச் சத்தம் போட்டாள். "இந்த விளையாட்டை இதோட நிப்பாட்டுங்க. இந்த வாரமும் சிவப்பு எரிஞ்சா நான் கலெக்டர்கிட்ட கேட்டு ஒரே நாளுல தெரு மொத்தத்தையும் பரிசோதனை பண்ணிருவேன். ஒருத்தரையும் விட மாட்டேன்."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். நெருப்பில் எண்ணெயை ஊற்றினாள்.

மறுநாள் விடியக் கருக்கலில் ஆவுடை எழுந்து சொம்பை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். எங்கள் முறை முடிந்து நாளாயிற்று, கக்கூஸ் திறந்துதான் கிடக்கிறது, இவள் எங்கே போகிறாள்? பின்னாலேயே போனேன்.

எங்கள் குளத்தில் தண்ணீர் நின்றது யாருக்கும் ஞாபகமில்லை. உள்ளே பூராவும் முள்ளு உடைமரம். வீட்டுக்கு வீடு கக்கூஸ் வந்த பிறகு அந்தப் பக்கம் ஆடு மேய்க்கிறவன்தான் போவான். நான் கரையில் ஏறி நின்று கீழே பார்த்தேன்.

உடைமரத்துக்கு ஒரு ஆளாகக் குத்தவைத்திருந்தார்கள்.

வெளிச்சம் கொஞ்சமாக வந்தது. தபால் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்ற சங்கரலிங்கம். அவன் மருமகள் ஒரு பக்கம். மாவு மில் லூர்துசாமி. ஏஜெண்டு வந்தால் முதல் ஆளாக ஓடுகிற பேச்சியக்கா. அந்தப் பக்கத்துப் பெரிய மரத்தடியில் வேட்டியைத் தூக்கிக்கொண்டு, வெள்ளைப் பனியன் தெரிய, வைகுண்டம். என் ஆவுடை ஒரு புதருக்குள். நடுவில் வழிப்பாதையில் கனியும் அவள் மகளும் சொம்போடு நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு மட்டும்தான் அங்கே வர நியாயமான காரணம் இருந்தது. உட்கார அவர்களுக்குத்தான் இடம் இல்லை.

ஒருத்தர் முகத்தையும் ஒருத்தர் பார்க்கவில்லை. வெளிக்கு இருக்கிறவரைக் கண்டால் பார்க்காத மாதிரி போக வேண்டும், அங்கே கண்டதை வாயால் சொல்லக் கூடாது. எங்கள் ஊரில் பால்குடி மறக்கிறதுக்கு முன்னாலேயே சொல்லிக் கொடுக்கிற மரியாதை அது. எல்லாரும் மரியாதையாக உட்கார்ந்திருந்தார்கள்.

கூடிப் பேசவில்லை. அது எனக்கு நிச்சயம். யாருக்கெல்லாம் உள்ளுக்குள் பயம் இருந்ததோ அவர்கள் எல்லாரும் தனித்தனியாக ஒரே கணக்குப் போட்டிருந்தார்கள். கனி வீட்டைப் பூட்டியிருக்கிறபோது நான் வீட்டுக் குழாயில் போகாவிட்டால் பச்சை எரியும், அவள்மேல் போகும், நான் தப்பித்தேன். அத்தனை பேருக்கும் தோதாகக் கிடைத்தது அந்த ஒருத்தி.

இரண்டாம் நாள் கம்பத்தில் பச்சை எரிந்தது. தெருவில் வெடி போட்டார்கள்.

வீட்டில் ஆவுடையைப் பிடித்து நிறுத்தினேன். "நீயும்தான் போன."

"போனேன்."

"இனிமே தினம் போவியா? பச்சை எரிஞ்சா வண்டி வராது. வண்டி வராட்டா மருந்து கிடையாது. உடமரத்துக்குள்ள ரத்தம் கக்கிச் சாவப்போறியா?"

"சாவுதேன். உங்களுக்கு என்ன?" என்றாள். முகத்தை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள். அவள் தோள் எலும்பு சேலைக்கு மேலே கத்தி மாதிரித் தெரிந்தது. தை வரைக்கும் தாங்க மாட்டாள் என்று அப்போது எனக்குப் பட்டது.

சாயங்காலம் கல்மடத்தில் கூட்டம். கனியை நடுவில் நிற்க வைத்தார்கள். வைகுண்டம் குரலில் தேன் ஒழுகியது.

"கனியக்கா, யாரும் உன்னை வெறுக்கல. மகளைக் கூட்டிக்கிட்டுக் கொஞ்ச நாளு உங்க அண்ணன் வீட்டுல இரு. வீட்டைத் தெரு பாத்துக்கிடும்."

"எதுக்குப் போகணும்?"

"பச்சை எரிஞ்சதைப் பாத்தல்ல?"

"பாத்தேன். குளத்துக்குள்ளயும் பாத்தேன்" என்றாள் கனி. "சொல்லட்டுமா?"

அவ்வளவுதான். "சீ! வெளிக்கு இருக்கப்போன இடத்துல கண்ணை ஏன்ட்டீ தெறந்த?" என்று பேச்சியக்கா பாய்ந்தாள். "பொம்பளையா இவ!" என்று லூர்துசாமி காறித் துப்பினான். ஆம்பிளைகள் எல்லாரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார்கள். கனி சுற்றிப் பார்த்தாள். கடைசியில் என்னைப் பார்த்தாள். கரைமேல் நான் நின்றது அவளுக்குத் தெரியும்.

கனிக்காக நான் எழுந்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். முருங்கைக்காக அவள்மேல் இருந்த கோபம் அப்போதும் இருந்தது. இவள் போய்விட்டால் விளக்குப் பச்சையிலேயே நிற்கும், என் பெஞ்சாதி செத்துப்போவாள். எழுந்தேன்.

"கண்ணை நானும் தெறந்துதாம்வே வச்சிருந்தேன். சங்கரலிங்கம் இருந்தான். அவன் மருமக இருந்தா. லூர்து, நீ இருந்த. ஏ பேச்சி, நீ ரெண்டாவது மரம். வைகுண்டம், பெரிய மரத்தடியில வெள்ளைப் பனியனோட இருந்தது உங்க அப்பனா? வீட்டுல கக்கூஸைத் தொறந்து போட்டுட்டு அங்க எதுக்குவே போனிய எல்லாரும்? காத்து வாங்கவா?"

வைகுண்டம் செருப்பைக் கழற்றினான்.

"அண்ணாச்சின்னு பாக்கேன். இன்னொரு வார்த்தை பேசுனீரு..."

"அடி. அடிச்சிட்டுச் சொல்லு, எதுக்குப் போன?"

"இவரு சொல்லுதது பொய்!"

அப்போதுதான் பெண்கள் பக்கமிருந்து ஆவுடை எழுந்து வந்தாள். நடக்கிறபோதே மூச்சு வாங்கியது. என் பக்கம் அவள் பார்க்கவில்லை.

"பொய்தான்" என்றாள். "இவருக்குக் கண்ணு சரியில்ல. அதான் லாரியிலேருந்து எறக்கி விட்டாவ. குளத்துக்குள்ள யாரும் இல்ல. நான் மட்டும்தான் இருந்தேன். எனக்குத்தான் நோய். கனி மேல பழி விழட்டும்னு போனேன். போதுமா?"

முந்தானையை விரித்துக் காட்டினாள். கறையைப் பார்த்துப் பக்கத்தில் நின்றவர்கள் விலகினார்கள்.

செருப்பு கீழே விழுந்தது. அத்தனை பேரும் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அது பரிதாபம் இல்லை. கழுத்தில் இருந்த கயிறு அவிழ்ந்தால் வருகிற மூச்சு. ஆள் கிடைத்துவிட்டது, பேர் கிடைத்துவிட்டது, அது தன் பேர் இல்லை.

கனி நேராக என்னிடம் வந்தாள். "நன்றி சொல்லுவேன்னு நிக்கீராக்கும்? உம்ம பொண்டாட்டியும் என் முறையிலதானவே போனா? போதும்" என்று சொல்லிவிட்டு மகளை இழுத்துக்கொண்டு போனாள். அவள் சொன்னதில் தப்பு இல்லை.

ஆவுடை வீட்டுக் கக்கூசுக்கே போகவும் கம்பத்தில் மறுபடி சிவப்பு எரிந்து வண்டி வந்தது. செவ்வாய்க்கிழமை அவளைக் கையைப் பிடித்து வண்டியில் ஏற்றினேன். ரெஜினா சோதனை பண்ணிப் பார்த்து, "தாத்தா, இன்னும் ஒரு மாசம் விட்டிருந்தா நான் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது" என்றாள். எனக்கும் சோதனை பண்ணினாள். எனக்கு ஒன்றும் இல்லை. கிருமிக்கும் என்னைப் பிடிக்கவில்லை போல.

ஆவுடை பேரைப் பதிந்ததும் கம்பத்தில் மஞ்சள் எரிந்தது. மஞ்சள் என்றால் நோயாளி யார் என்று தெரிந்துவிட்டது, மருந்து ஓடுகிறது என்று அர்த்தமாம். மஞ்சளுக்கு ஏஜெண்டு ஒத்துக்கொண்டான். எல்லா வீட்டுக்கும் இலை வந்தது, எங்கள் வீட்டுக்கு மட்டும் வரவில்லை. கடையில் என் சாமானை வைகுண்டம் கையில் கொடுக்காமல் பலகை மேல் வைத்தான். சின்னவள் மாமியார் தீபாவளிக்கு அனுப்பவில்லை. குளத்தங்கரைப் பேச்சைக் கூட்டத்தில் பேசினவன் என்று எனக்கு ஒரு பேர். நான் போனால் டீக்கடையில் பெஞ்சு காலியாகும்.

வீட்டிலும் அதே கதிதான். "உசுரைக் காப்பாத்துனிய, சரி" என்றாள் ஆவுடை. "மத்தவங்க பேரை ஏன் இழுத்திய? அவுகளும் என்னை மாதிரிதான பயந்துக்கிட்டு உக்காந்திருந்தாவ?"

"உன்னைத் தெருவே ஒதுக்குது. நீ அவனுகளுக்குப் பரிஞ்சு பேசுத."

"ஒதுக்கட்டும். மாத்திரை உள்ள போகுதுல்ல."

போனது. முதலில் வாந்தியாக எடுத்தாள். பிறகு சோறு கேட்டாள். ரவிக்கை மறுபடி பிடித்தது. மாசி பிறந்ததும் ரெஜினா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அம்மா உடம்புல கிருமி நின்னு போச்சு தாத்தா. ஆனா..." கம்பத்தைப் பார்த்தாள். "குழாயில இன்னும் வருது. நிறைய வருது."

எனக்குப் புரிந்தது. ஆவுடை பேர் வெளியே வந்ததும் எல்லாரும் குளத்தை விட்டுவிட்டு நிம்மதியாக வீட்டுக் கக்கூசுக்குப் போகிறார்கள். குழாயில் எது வந்தாலும் அது ஆவுடை கணக்கு.

"திருட்டுப் பயக்க" என்றேன். "இப்பவே போய்க் கம்பத்தடியில நின்னு கத்துதேன்."

"கத்துனா மறுபடி உடமரத்துக்குள்ள போயிருவாங்க" என்றாள்.

இதை வீட்டில் சொன்னேன். ஆவுடை காய் நறுக்கிக்கொண்டிருந்தாள், கையை நிறுத்தவில்லை. "எனக்குத் தெரியும்" என்றாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவள் வண்டிக்குக் கிளம்பினபோது கனி வாசலில் நின்றாள். எங்கள் வீட்டுப் படிக்கு வந்து வருசமாயிற்று. என்னைப் பார்க்காமல் உள்ளே பார்த்துப் பேசினாள்.

"மதினி, தனியாவா போறிய? தலைசுத்தி விழுந்து வைக்காதிய. துணைக்கு வாரேன்."

ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களைத் தனியாக விடுவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. துணைக்குப் போகிறவளை யாரும் ஒன்றும் கேட்கவும் மாட்டார்கள். இரண்டு பேரும் ஏறினார்கள். கதவு மூடியது. மாத்திரை விழுங்க ஆகிற நேரத்தைவிட நெடுநேரம் கழித்துத்தான் திறந்தது. கனி வாயைத் துடைத்துக்கொண்டே இறங்கினாள்.

அதற்கடுத்த வாரம் சங்கரலிங்கம் மருமகள் துணைக்கு வந்தாள். அப்புறம் பேச்சியக்கா. "ஆவுடைக்கு உடம்பு எப்படி இருக்குன்னு பாக்க வந்தேன்" என்று தெருக் கேட்கக் கத்திவிட்டு ஏறினாள். ஒரு நோயாளிக்கு இத்தனை துணை எந்த ஊரிலும் நான் பார்த்ததில்லை. வண்டிக்குள் என்ன நடந்தது என்று ரெஜினா சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஒருத்தி ஏறும்போது சும்மா ஏறுவாள், இறங்கும்போது கனி மாதிரி வாயைத் துடைத்துக்கொண்டே இறங்குவாள். சிலர் துடைக்க மாட்டார்கள். கண்டதைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

சித்திரையில் ஆவுடைக்கு மருந்து முடிந்தது. ரெஜினாவிடம் கேட்டேன். "அப்ப மஞ்சள் போயிரும்லா? குழாயில மிச்சம் இருந்தா சிவப்பு வந்துருமே?"

"அம்மா பேரை நான் இன்னும் மூடல" என்றாள், மாத்திரைப் பெட்டியை அடுக்கிக்கொண்டே.

"சட்டம் சட்டம்னு பேசுவியே தாயி. இதுக்குச் சட்டம் இருக்கா?"

"இல்ல."

"மேல தெரிஞ்சா?"

"என் வேலை போகும்." மாத்திரைப் பெட்டியை மூடினாள். "அம்மாவைச் செவ்வாய்க்கிழமை தவறாம வரச் சொல்லுங்க."

ஆவுடையும் தவறாமல் போனாள். நோய் இல்லாத நோயாளி.

போன வாரம் அவளுக்குச் சின்னவளைப் பார்க்கப் போக வேண்டியிருந்தது. மாமியாரே ஆள் அனுப்பியிருந்தாள். காலையிலேயே வண்டிக்கு ஒரு எட்டு வந்து தலையைக் காட்டிவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டாள். நான் மட்டும் வேப்பமரத்தடியில் பீடி இல்லாமல் சும்மா உட்கார்ந்திருந்தேன். கூட்டம் கலைந்து, டிரைவர் இல்லாத அந்த வண்டி தன்னாலே உறும ஆரம்பித்தது.

வைகுண்டம் வந்தான். வேட்டி இடுப்பில் நிற்காமல் நழுவியது, கையால் பிடித்துக்கொண்டு வந்தான். கடையில் பலகைக்குப் பின்னால் நிற்கிறபோது தெரியாதது வெயிலில் தெரிந்தது. கன்னம் ஒட்டிக் குழி விழுந்திருந்தது. அந்தக் கூட்டத்துக்கு அப்புறம் என்னிடம் பேசாதவன், என் முன்னால் வந்து நின்றான்.

"மதினிக்குத் துணைக்கு வந்தேன் அண்ணாச்சி" என்றான்.

அவள் பஸ் ஏறினதை அவன் கடையில் இருந்தே பார்த்திருப்பான். அவனைக் காக்க வைக்க வேண்டும் என்று எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. செருப்பு ஞாபகம் வந்தது. நாக்கு நுனியில் நாலு வார்த்தை நின்றது. அதற்குள் அவனுக்கு இருமல் பிடித்துவிட்டது. மரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தான்.

நான் எழுந்துபோய் வண்டிக் கதவைத் தட்டினேன். ரெஜினா தலையை நீட்டினாள்.

"ஆவுடைக்குத் துணைக்கு வந்த ஆளும்மா. ஏத்திக்கோ."